பாவம் அந்தக் கார்பரேட்டர்!

பழைய புல்லட் வைத்திருக்கும் யாரிடமாவது "வண்டி எப்படிப் போகுது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "போகுது... கார்பரேட்டர்லதான் சின்னப் பிரச்சினை." காலையில் ஸ்டார்ட் ஆகவில்லையா? கார்பரேட்டர். பெட்ரோல் குடிக்கிறதா? கார்பரேட்டர். சூடானால் மிஸ்ஸிங் ஆகிறதா? அதுவும் கார்பரேட்டர். விட்டால் வீட்டில் சாம்பாரில் உப்புக் கூடினதற்கும் அதைத்தான் சொல்வார்கள்.

யாராவது அதற்கு வக்கீலாக ஆஜராக வேண்டாமா? இன்றைக்கு நான் ஆஜராகிறேன். என் கட்சி ரொம்ப எளிமையானது. பழைய வண்டிகளில் கார்பரேட்டர் மேல் போடப்படும் பழியில் பெரும்பகுதி இக்னிஷனுக்குச் சேர வேண்டியது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இது வெறும் வாய்ச்சண்டை இல்லை. பழியை இடம் மாற்றிப் போடுவதால் நல்ல எஞ்சின்கள் சாகின்றன, கணுக்கால்கள் அடிபடுகின்றன, காசு கரைகிறது.

பேச்சு காற்றில் போகாமல் இருக்க ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். பழைய இரும்பு பிளாக் புல்லட் 350. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் இருந்த ராயல் என்ஃபீல்டும் கூட்டுச் சேர்ந்த பிறகு நம்ம திருவொற்றியூரில் பிறந்த வண்டி. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி. மிக்கார்ப் விஎம்24 கார்பரேட்டர், சி.பி. பாயிண்ட், கண்டென்சர், காயில், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். யெஸ்டி, ராஜ்தூத் வைத்திருப்பவர்களும் கூடவே வரலாம். அவை டூ ஸ்ட்ரோக், அளவுகள் வேறு. ஆனால் யோசிக்கும் முறை ஒன்றுதான்.

ஏன் எல்லோர் கையும் அங்கேயே போகிறது?

காரணம் ரொம்ப அற்பமானது. கார்பரேட்டரின் திருகுகள் வெளியே இருக்கின்றன!

ஏர் ஸ்க்ரூ ஒன்று, ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூ ஒன்று. ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் போதும். கால் திருப்பு திருப்பினால் உடனே சத்தம் மாறும். சத்தம் மாறியதும் ஏதோ நடந்துவிட்டது என்று நமக்கு ஒரு திருப்தி. மாறியது சத்தம்தான், நோய் அப்படியே இருக்கிறது என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும்.

டைமிங் அப்படி இல்லை. மூடியைக் கழற்ற வேண்டும். பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து அளக்க வேண்டும். பிஸ்டனை சரியான இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பொறுமையாகச் செய்தால் அரை மணி நேரம் ஆகும். அதை யார் செய்வார்கள்?

இதில் மெக்கானிக்கை மட்டும் திட்டுவது நியாயமில்லை. நாம் போய் வண்டியை நிறுத்தி, "அண்ணே, கொஞ்சம் டியூனிங் பண்ணிவிடுங்க, காலேஜுக்கு லேட்டாச்சு" என்றால் அவர் என்ன செய்வார்? நாம் கொடுக்கும் பத்து நிமிடத்தில் என்ன முடியுமோ அதைத்தான் செய்வார். பத்து நிமிடத்தில் முடிவது ஏர் ஸ்க்ரூ மட்டும்தான்.

பொறிக்கு நேரம் ஏன் முக்கியம்?

நம் கிளாஸ் பசங்க ஐ.சி. எஞ்சின் பேப்பரில் இதைப் படித்திருக்கிறோம், படமும் வரைந்திருக்கிறோம். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பிளக்கில் பொறி விழுந்ததும் சிலிண்டருக்குள் வெடிகுண்டு வெடிப்பது போல எல்லாம் ஒரே நொடியில் நடந்துவிடுவதில்லை. தீ ஒரு மூலையில் பிடித்துப் பரவுகிறது. அதற்கு ஒரு சில மில்லிசெகண்ட் ஆகும். உதாரணத்துக்கு 2 மில்லிசெகண்ட் என்று வையுங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றும்போது அந்த நேரத்தில் கிராங்க் 12 டிகிரி திரும்பும். 3000 சுற்றில் அதே நேரத்தில் 36 டிகிரி திரும்பிவிடும். பிஸ்டன் உச்சியைத் தாண்டி இறங்க ஆரம்பிக்கும்போது அழுத்தம் முழுசாக இருக்க வேண்டும். அப்படியானால் வேகம் கூடக் கூட பொறி முன்கூட்டியே விழ வேண்டும். (வேகம் கூடும்போது உள்ளே கலக்கம் அதிகமாகி தீயும் கொஞ்சம் வேகமாகப் பரவும். ஆனால் அது மட்டும் போதாது.)

புல்லட்டில் இதைச் செய்வது ஆட்டோ அட்வான்ஸ் யூனிட். இரண்டு சின்ன எடைக்கட்டிகள், இரண்டு ஸ்பிரிங்குகள். வேகம் கூடினால் எடைகள் விரிந்து பாயிண்டை முன்னதாகத் திறக்க வைக்கும். வேகம் குறைந்தால் ஸ்பிரிங் இழுத்துக்கொள்ளும். எவ்வளவு எளிமை, எவ்வளவு புத்திசாலித்தனம்!

அட்வான்ஸ் ஆகாத நிலையில் பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் கீழே இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். கணக்குப் போட்டால் இது கிராங்கில் ஏறக்குறைய 10 டிகிரி. பாயிண்டைத் திறக்கும் கேம் எஞ்சின் வேகத்தில் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது. ஆகவே பாயிண்ட் இருக்கும் தட்டை நீங்கள் 1 டிகிரி தள்ளினால் கிராங்கில் அது 2 டிகிரி. கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத அசைவு, எஞ்சினுக்குப் பெரிய மாற்றம். "கண்ணால பாத்து வெச்சுட்டேன் சார்" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

ஒரு நல்ல வண்டி எப்படிக் கெடுகிறது?

இதுதான் என் வழக்கின் முக்கிய சாட்சி. கவனமாகப் படியுங்கள்.

பாயிண்டில் கேமின் மேல் உரசும் ஒரு ஃபைபர் குதிகால் இருக்கிறது. கிரீஸ் வைக்காமல் ஓட்டினால் அது சீக்கிரம் தேயும். தேயத் தேய பாயிண்ட் இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும். அதாவது யாரும் எதையும் தொடாமலேயே டைமிங் தாமதமாகிக்கொண்டே போகும். புல்லட் 350-க்கு இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். அதைப் பல ஆண்டுகளாக யாரும் அளக்காத வண்டிகள் ஊரில் எத்தனையோ.

டைமிங் தாமதமானால் என்ன ஆகும்? எரிய வேண்டியது நேரத்தில் எரிந்து முடியாது. எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் எரிந்துகொண்டிருக்கும். பிஸ்டனைத் தள்ள வேண்டிய சூடு சைலன்சர் பைப்பில் போகும். பைப் நீலம் பாயும். பிக்கப் குறையும். பிக்கப் இல்லாததால் நாம் கூடுதலாக முறுக்குவோம். கூடுதலாக முறுக்கினால் மைலேஜ் குறையும்.

இப்போது ஓனர் ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறார். "மைலேஜ் கொடுக்கல, பெட்ரோல் ஓவரா குடிக்குது." உடனே கார்பரேட்டர் திறக்கப்படும். நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றுவார்கள். நீடில் கீழே இறங்கும், பெட்ரோல் குறையும். அல்லது மெயின் ஜெட்டைச் சின்னதாக மாற்றுவார்கள். இப்போது டைமிங்கும் தாமதம், கலவையும் வறட்சி. எஞ்சின் இன்னும் சூடாகும். பிக்கப் இன்னும் குறையும். ஓனர் இன்னும் முறுக்குவார். அடுத்த மாதம் "கார்பரேட்டரே போச்சு, புதுசு போடணும்" என்பார்கள். புதுசும் போடுவார்கள். அதற்கும் இதே கதி. கடைசியில் "ரீபோர் செய்யணும்" என்ற இடத்துக்கு வண்டி வந்து நிற்கும்.

ஆரம்பம் எது? தேய்ந்துபோன ஒரு சின்ன ஃபைபர் துண்டு. யாராவது ஒருவர் முதல் நாளே ஃபீலர் கேஜை உள்ளே விட்டுப் பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஒரு கோளாறை மறைக்க இன்னொரு இடத்தில் கோளாறு உண்டாக்குவதற்கு நாம் வைத்திருக்கும் மரியாதையான பெயர்தான் "டியூனிங்". கார்பரேட்டரும் இக்னிஷனும் ஒன்றின் குறையை ஒன்று மறைக்கக்கூடியவை. அதனால்தான் ஆபத்து.

குற்றவாளி யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டுக்கும் அறிகுறிகள் ஒரே மாதிரி இருக்கும் என்பதுதான் சிக்கல். உதாரணத்துக்குக் கரி பிடித்த பிளக். "பெட்ரோல் அதிகம்" என்று எல்லோரும் சொல்வார்கள். பொறி பலவீனமாக இருந்தாலும் பெட்ரோல் சரியாக எரியாமல் அதே கரிதான் பிடிக்கும். வெளுத்துப்போன பிளக்குக்கு "பெட்ரோல் பற்றவில்லை" என்பார்கள். டைமிங் அளவுக்கு மீறி முன்னால் இருந்தாலும் பிளக் அளவுக்கு மீறிச் சூடாகி வெளுக்கும். பிளக்கை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது, நெற்றியைத் தொட்டுப் பார்த்து மாத்திரை எழுதுவது போலத்தான்.

ஆனால் ஒரு நல்ல வழி இருக்கிறது. நான் படித்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது.

கார்பரேட்டர் வேலை செய்வது பெரும்பாலும் முறுக்கின் அளவைப் பொறுத்தது. முறுக்கை மூடி வைத்திருக்கும்போதும் எட்டில் ஒரு பங்கு திறக்கும் வரையிலும் பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். அங்கிருந்து கால் பங்கு வரை ஸ்லைடின் வெட்டு. கால் முதல் முக்கால் வரை நீடில். அதற்கு மேல் மெயின் ஜெட். ஆனால் இக்னிஷனுக்கு உங்கள் முறுக்கு எவ்வளவு திறந்திருக்கிறது என்று தெரியாது. அதற்குத் தெரிந்தது எஞ்சினின் வேகமும் சூடும் சுமையும்தான்.

அப்படியானால் சோதனை சுலபம். கைப்பிடி ரப்பரில் ஒரு துண்டு டேப் ஒட்டி கோடு போடுங்கள். மூடிய நிலை, கால், அரை, முக்கால். வண்டி தடுமாறும்போது கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலும் நான்காம் கியரிலும் ஒரே கோட்டில்தான் தடுமாறுகிறதா? கார்பரேட்டரைச் சந்தேகப்படலாம். கோடு எங்கிருந்தாலும் குறிப்பிட்ட எஞ்சின் வேகத்தில் தடுமாறுகிறதா? அல்லது 15 நிமிடம் ஓடிச் சூடானதும் தடுமாறி, ஆறினதும் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறதா? இக்னிஷன் பக்கம் போங்கள். கண்டென்சர், காயில் இரண்டும் சூட்டில்தான் தங்கள் நோயைக் காட்டும். இரவில் பாயிண்ட் மூடியைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். பாயிண்டில் பெரிய பொறி பளிச்பளிச்சென்று பறந்தால் கண்டென்சர் மேல் சந்தேகப்படலாம்.

இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு துண்டு டேப்!

என் வரிசை இதுதான்

1. முதலில் அழுத்தம். கிக்கரை மிதிக்கும்போது நல்ல எதிர்ப்பு இருக்க வேண்டும். டேப்பட் இறுக்கமாக இருந்தால் வால்வு முழுசாக மூடாது. அதைச் சரிபார்க்காமல் மேலே போவதில் அர்த்தமில்லை.

2. பேட்டரி, ஒயர், பிளக். பிளக்கை வெளியே எடுத்து ஹெட்டில் வைத்து மிதித்தால் பொறி தெரியும். (பிளக் துளையிலிருந்து தள்ளியே வைத்துப் பாருங்கள், உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும்.) ஆனால் வெளியே பொறி வந்ததால் உள்ளேயும் வரும் என்று நம்ப வேண்டாம். அழுத்தத்தில் பொறி தாண்டுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும். பலவீனமான காயில் வெளியே நல்லவன் வேஷம் போடும்.

3. பாயிண்ட் இடைவெளி. முகம் குழிவிழுந்திருந்தால் மாற்றுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அதன் மணல் துகள் முகத்திலேயே பதிந்துவிடும்.

4. இடைவெளிக்குப் பிறகுதான் டைமிங். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும் என்பதால் இந்த வரிசையை மாற்றக் கூடாது. கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் இரண்டு வால்வும் மூடியிருக்க, பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் முன்னால் பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகத் திருப்பினால் பிஸ்டனைக் கட்டுப்பாடாக நகர்த்தலாம்.

5. ஆட்டோ அட்வான்ஸ். கையால் திருப்பி விட்டால் ஸ்பிரிங் சட்டென்று பழைய இடத்துக்கு இழுக்க வேண்டும். விரிந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டால் மிதிக்கும்போது பொறி சீக்கிரமாக விழுந்து கிக்கர் திருப்பி அடிக்கும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஸ்லோ ஒரு நிலைக்கு வராமல் ஏறி இறங்கும். இதைப் பார்த்துவிட்டும் ஏர் ஸ்க்ரூவைத்தான் திருப்புவார்கள்!

6. இவ்வளவுக்கும் பிறகுதான் பெட்ரோல் பக்கம். முதலில் டேங்க் மூடி. அதன் காற்றுத் துளை அடைத்திருந்தால் கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடும், மூடியைத் திறந்ததும் மறுபடி ஓடும். அடுத்து டேப் வடிகட்டி, ஃப்ளோட் கிண்ணத்தில் படிந்த அழுக்கு, ஃப்ளோட் மட்டம், கார்பரேட்டரும் ஹெட்டும் சேரும் இடத்தில் காற்று ஒழுக்கு. ஒழுக்கைப் பார்க்க இணைப்பில் நாலு சொட்டு எஞ்சின் ஆயில் விடுங்கள். ஸ்லோ சத்தம் மாறினால் அங்கே காற்று போகிறது. ஜெட்டைச் சுத்தம் செய்ய காற்றுதான், கம்பி கூடாது. ஜெட் மெல்லிய பித்தளை. கம்பியால் குத்தினால் அதன் அளவே மாறிவிடும்.

7. கடைசியாக, ரொம்பக் கடைசியாக, ஏர் ஸ்க்ரூ. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு. மெதுவாக உள்ளே வரை திருகி (இறுக்காதீர்கள், முனை கெடும்), ஒன்றரைத் திருப்பு வெளியே எடுத்து, அங்கிருந்து ஸ்லோ எங்கே அதிகமாக நிற்கிறதோ அதைத் தேடுங்கள். விஎம் வகையில் உள்ளே திருகினால் பெட்ரோல் பங்கு கூடும். வேறு சில கார்பரேட்டர்களில் இது தலைகீழ். தெரியாமல் திருகக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை ஒரு நோட்டில் எழுதுங்கள். பிளக்கையும் கண்டென்சரையும் ஜெட்டையும் ஒரே நாளில் மாற்றி வண்டி சரியாகிவிட்டால், நீங்கள் வண்டியைச் சரிசெய்தீர்கள், ஆனால் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. அடுத்த முறை மறுபடி மூன்றையும் வாங்க வேண்டியதுதான்.

ஆம்மீட்டர் என்ற இலவச டைமிங் லைட்

புல்லட்டின் ஹெட்லைட் மேலே ஒரு சின்ன ஆம்மீட்டர் இருக்கும். இளைஞர்கள் பலர் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். சாவியைப் போட்டு மெதுவாக கிக்கரை அழுத்துங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலுக்குக் கரண்ட் போவதால் முள் மைனஸ் பக்கம் சாயும். பாயிண்ட் திறந்ததும் நடுவுக்கு வரும். முள் நடுவுக்கு வரும் இடம்தான் பொறி விழும் இடம். பெரியவர்கள் ஆம்மீட்டரைப் பார்த்து, டீகம்ப்ரஷரை இழுத்து, உச்சியைக் கொஞ்சம் தாண்டவிட்டு, பிறகு ஒரே மிதி மிதிப்பது ஸ்டைலுக்காக இல்லை. பிஸ்டன் உச்சியைத் தாண்டியிருந்தால் கிக்கர் திருப்பி அடிக்காது, அவ்வளவுதான். வண்டியை வடிவமைத்தவர்கள் கண்முன்னாலேயே ஒரு கருவியை வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்காமல் ஏர் ஸ்க்ரூவைத் தேடி நாம் குனிகிறோம்.

(எஞ்சின் ஓடாதபோது முள் மைனஸில் இருக்க சாவியை அப்படியே விட்டுவிடாதீர்கள். காயில் சூடாகும், பேட்டரியும் இறங்கும்.)

"டுப்... டுப்..." மோகம்

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். பரவாயில்லை. வேண்டுமென்றே டைமிங்கைப் பின்னால் தள்ளி, ஸ்லோவை எவ்வளவு முடியுமோ அவ்வளவு குறைத்து, "டுப்... டுப்... டுப்..." என்று எண்ணிக்கொள்ளும்படி வண்டியை நிறுத்தி வைப்பது ஒரு கலையாகவே நடக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த வேகத்தில் ஆயில் பம்பு மெதுவாகச் சுற்றும், ஆயில் குறைவாகப் போகும். பேட்டரிக்கு சார்ஜ் ஏறாது. தாமதமான டைமிங்கால் எக்ஸாஸ்ட் பக்கம் வெந்துகொண்டிருக்கும். நாற்பது வயது எஞ்சினைத் தெருமுனையில் நிறுத்தி நெஞ்சில் கைவைத்துப் பாடச் சொல்வது போல இருக்கிறது. சத்தம் நமக்கு, செலவு எஞ்சினுக்கு.

"காது போதும் தம்பி"

எதிர்க்கட்சிக்கும் இடம் கொடுக்க வேண்டும் இல்லையா.

முதல் வாதம்: "நாப்பது வருஷமா காதுலயே டைமிங் வெக்கிறேன்." இப்படிச் சொல்பவர்கள் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. அவர்கள் காதுக்குக் கேட்பது நம் காதுக்குக் கேட்காது. ஆனால் காது விளைவைத்தான் கேட்கும், காரணத்தைக் கேட்காது. தேய்ந்த பாயிண்டில் காதால் டைமிங் வைத்தால் அன்றைக்கு நன்றாக இருக்கும், பாயிண்ட் மாற்றிய அன்று எல்லாம் தப்பாகும். கேஜும் காதும் சேர்ந்திருப்பவர்தான் மேதை. அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாம் வாதம்: "எலக்ட்ரானிக் கிட் மாட்டிட்டா முடிஞ்சுது." பாயிண்ட் தேய்மானம் இல்லாமல் போகும், அது நல்லதுதான். ஆனால் அதை மாட்டும்போதும் அடிப்படை டைமிங்கை யாராவது சரியாக வைத்தாக வேண்டும். பல கிட்டுகள் பழைய ஆட்டோ அட்வான்ஸையே நம்பியிருக்கின்றன. அது சிக்கிக்கொண்டிருந்தால் கிட் என்ன செய்யும்?

மூன்றாம் வாதம் பலமானது, ஒப்புக்கொள்கிறேன். பெட்ரோலே மாறிவிட்டது. 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த இ20 விற்பனைக்கு வந்தது, 2025-ல் நாடு முழுக்க அதுவே வழக்கமாகிவிட்டது. வெறும் பெட்ரோல் 1 கிலோ முழுசாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோதான். இரண்டும் கலந்த இ20-க்கு ஏறக்குறைய 13.5. அதாவது பழைய பெட்ரோலுக்கு அளவாக வைத்த ஜெட்டில் இ20 போனால் கலவை வறட்சியாகும். இன்ஜெக்‌ஷன் வண்டி தானே திருத்திக்கொள்ளும், கார்பரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், பழைய ரப்பர்களையும் கெடுக்கும். ஆகவே இன்றைக்கு ஜெட்டையோ நீடிலையோ மாற்ற வேண்டிய நியாயமான தேவை வரலாம். என் கட்சிக்காரர் எல்லா வழக்கிலும் நிரபராதி என்று நான் சொல்லவில்லை!

ஆனால் யோசியுங்கள், இதுவே என் வாதத்துக்குப் பலம் இல்லையா? டைமிங் சரியாக இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால்தான் இ20-க்காக எவ்வளவு மாற்ற வேண்டும் என்று சொல்ல முடியும். அது தெரியாமல் ஜெட் மாற்றுவது, தராசு சரியா என்று பார்க்காமல் அரிசி நிறுப்பது.

எதற்கு இவ்வளவு பேச்சு?

2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்த பிறகு புது பைக்குகளில் கார்பரேட்டர் ஏறக்குறைய மறைந்துவிட்டது. பாயிண்ட் அதற்கும் ரொம்ப முன்னாலேயே போய்விட்டது. 0.8 மில்லிமீட்டரைக் கையால் வைக்கத் தெரிந்தவர்கள் வயதாகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் போய் அருகில் நின்று கற்றுக்கொள்ள இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது. நாமோ ஸ்க்ரூ டிரைவரைக் கையில் கொடுத்து "சீக்கிரம் முடிங்கண்ணே" என்கிறோம்.

கொட்டகையில் தூசி படிந்து கிடக்கும் பழைய வண்டிகளில் பல, சரிசெய்ய முடியாததால் அங்கே போகவில்லை. யாரும் வரிசையாக யோசித்துப் பார்க்காததால் போய்ச் சேர்ந்தவை. அப்பாவுடையது, தாத்தாவுடையது, ஒரு காலத்தில் குடும்பத்தையே சுமந்தது. அதைப் பழைய இரும்புக்குப் போடும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைக் கொடுங்கள். ஒரு ஃபீலர் கேஜ், ஒரு துண்டு டேப், ஒரு நோட்டு. மேலே சொன்ன வரிசையில் 1-லிருந்து ஆரம்பியுங்கள். 7 வரை போக வேண்டிய அவசியமே பல வண்டிகளுக்கு வராது என்பது என் நம்பிக்கை.

நான் சொன்னதில் உடன்பாடு இல்லாதவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம். ஆனால் வரும்போது உங்கள் வண்டியின் பாயிண்ட் இடைவெளி எவ்வளவு என்று அளந்துவிட்டு வாருங்கள் :-)

டிஸ்கி: மேலே உள்ள அளவுகள் பாயிண்ட் வைத்த பழைய புல்லட் 350-க்கு மட்டும். வேறு வண்டிக்கு அந்த வண்டியின் கைப்புத்தகத்தைப் பாருங்கள். பெட்ரோல் பக்கம் கை வைக்கும்போது பீடி, சிகரெட், அருகில் எரியும் விளக்கு எதுவும் கூடாது. கிக்கரை மிதிக்கும்போது காலில் நல்ல ஷூ இருக்கட்டும். செருப்போடு மிதிக்கிற வீரம் வேண்டாம்.